நீர் மாறியபோது: கட்ச் அஜ்ரக் கைவினைஞர்களின் வரலாறு

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) மதீனா நகரம் பெரும் முற்றுகையை எதிர்நோக்கி நின்றது. குறைஷியரும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்த குலத்தாரும் ஏறத்தாழ 10,000 பேர் திரண்டு வருவதாகச் செய்தி எட்டியது. முஸ்லிம்களின் எண்ணிக்கையோ ஏறக்குறைய 3,000. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். அப்போது பாரசீகத்தைச் சேர்ந்த ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) அவர்கள், தம் நாட்டில் குதிரைப்படையைத் தடுக்க அகழ் வெட்டும் வழக்கம் இருப்பதை எடுத்துரைத்தார்கள். அரபு மண் அதுவரை அறியாத உத்தி அது. ஆயினும் நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றார்கள். தாமும் மண் சுமந்தார்கள்.

அகழ் நகரைச் சுற்றி முழுவட்டமாக வெட்டப்படவில்லை என்பது இவ்வரலாற்றில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துசெல்லும் செய்தி. மதீனாவின் கிழக்கிலும் மேற்கிலும் எரிமலைக் கற்பரப்புகள் இயற்கை அரணாக இருந்தன. தெற்கே பேரீச்சந் தோப்புகளும் நெருக்கமான குடியிருப்புகளும் இருந்தன. திறந்து கிடந்தது வடதிசை மட்டுமே. ஆகவே அங்கு மட்டும் அகழ் வெட்டப்பட்டது. நிலத்தின் இயல்பை ஆராய்ந்து, இருப்பதைப் பயன்படுத்தி, இல்லாததை மட்டும் குறுகிய காலத்தில் உருவாக்குவது. பிற நாட்டு அறிவையும் தயக்கமின்றி ஏற்பது. இன்று வடிவமைப்பு என்று நாம் அழைக்கும் கலையின் சாரம் இதுதான்.

நெருக்கடி வேளையில் கைவினைஞரும் வடிவமைப்பாளரும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடுவோர் பண்டைய வரலாற்றோடு நின்றுவிட வேண்டியதில்லை. நம் காலத்திலேயே, நம் நாட்டிலேயே, ஒரு முஸ்லிம் கைவினைச் சமூகம் ஒன்றன்பின் ஒன்றாக வந்த நெருக்கடிகளைச் சந்தித்து, தன் கலையையும் வாழ்வையும் மறுபடியும் வடிவமைத்துக் கொண்டிருக்கிறது. குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியில் அஜ்ரக் என்னும் அச்சுத் துணியை உருவாக்கும் கத்ரி சமூகத்தாரின் வரலாறு அது.

நீலத்தின் பெயர் கொண்ட துணி

அஜ்ரக் என்ற சொல், நீலத்தைக் குறிக்கும் 'அஸ்ரக்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் கூறுவர். 'இன்று வைத்திரு' என்று பொருள்படும் 'ஆஜ் ரக்' என்பதே இதன் மூலம் என்று கைவினைஞர்கள் மத்தியில் வேறொரு விளக்கமும் வழங்குகிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே துணியைக் காயவும் ஆறவும் விட்டுக் காத்திருக்க வேண்டிய தொழில் என்பதால் எழுந்த விளக்கம் அது. மொழியியல் எப்படியிருப்பினும், பொறுமை இத்தொழிலின் முதல் மூலப்பொருள் என்பதில் ஐயமில்லை.

சிந்து நதிச் சமவெளியில் வேரூன்றிய இக்கலையை அறிந்த கத்ரிகள், ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் கட்ச் மன்னரின் அழைப்பின்பேரில் சிந்துவிலிருந்து குடிபெயர்ந்தனர் என்பது அவர்களின் குல வரலாறு. குடியேற இடம் தேடியபோது அவர்கள் முதலில் பார்த்தது நீரைத்தான். சரண் ஆறு ஓடிய தமட்கா என்னும் ஊரைத் தேர்ந்தனர். அலசுவதற்கு ஓடும் நீர் இன்றி அஜ்ரக் இல்லை. முன்பு இந்துக்களாக இருந்த இச்சமூகத்தார் காலப்போக்கில் இஸ்லாத்தைத் தழுவினர்.

அவர்களின் துணியை வாங்கியவர்கள் செல்வர்கள் அல்லர்; பன்னி புல்வெளியிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் மாடும் எருமையும் மேய்த்த மால்தாரி முஸ்லிம்கள். அவர்களுக்கு அஜ்ரக் இடுப்பில் லுங்கியாகவும், தலையில் பாகையாகவும், தோளில் துண்டாகவும் பயன்பட்டது. அதே துணி பொருள் கட்டும் மூட்டையாகவும் குழந்தைக்குத் தொட்டிலாகவும் ஆனது. இருபுறமும் ஒரே வடிவம் பொருந்துமாறு அச்சிடுவது இக்கலையின் உச்சத் திறன். உயிரினங்களின் உருவங்கள் இல்லை; நட்சத்திரங்களும் வட்டங்களும் சதுரக் கட்டங்களுக்குள் அமைந்து முடிவின்றித் தொடரும் கணித ஒழுங்கே அஜ்ரக்கின் அழகு. பள்ளிவாசல்களின் கற்சாளரங்களில் காணும் அதே ஒழுங்கு இது.

இக்கலையின் தொன்மைக்கு எகிப்தில் சான்று உண்டு. பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் கிடைத்த இந்திய அச்சுத் துணித் துண்டுகள் இன்று பல அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் 1,000க்கும் மேற்பட்டவை பாதுகாக்கப்படுகின்றன. இடைக்காலத்தில் குஜராத்திலிருந்து செங்கடல் வழியே சென்ற அத்துணிகள் பலவற்றில், இன்றைய அஜ்ரக்கின் முன்னோடிகளை அடையாளம் காண முடிகிறது.

துணியின் மீது நிகழும் வேதியியல்

பின்னர் நேர்ந்த நெருக்கடியைப் புரிந்துகொள்ள, இத்துணி எவ்வாறு உருவாகிறது என்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பருத்தித் துணி துவைக்கப்படும். பின்பு ஒட்டகச் சாணம், சோடா உப்பு, ஆமணக்கெண்ணெய் ஆகியவை கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பர். அடுத்துக் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் முக்குவர்; கடுக்காயின் துவர்ப்புச் சத்து நூலில் ஏறித் துணி இளமஞ்சளாகும். வெண்மையாக இருக்க வேண்டிய கோடுகளைச் சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையால் மர அச்சு கொண்டு ஒற்றுவர். கருப்புக்கு இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் போட்டுப் பல நாள் புளிக்கவைத்த நீரை, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சி அச்சிடுவர். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரம் அச்சிடப்படும். பிறகு அவுரித் தொட்டியில் முக்க, வெளியே எடுக்கையில் பச்சை கலந்த மஞ்சளாகத் தோன்றும் துணி காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். அலசிக் காயவைத்து, மஞ்சிட்டி போன்ற சிவப்புச் சாயத்தில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் செந்நிறம் கொள்ளும். இப்படி ஏறத்தாழ 14 முதல் 16 கட்டங்கள் உண்டு. அச்சுக் கட்டைகள் தேக்கில் செதுக்கப்படுகின்றன. காந்திநகரை அடுத்த பெத்தாபூர் அத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்.

இதன் நுட்பம் எங்கே இருக்கிறது? கடுக்காய்ச் சத்து இரும்பைச் சந்தித்தால் கருக்கும். சிவப்புச் சாயம் படிகாரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். இரும்போடு சேர்ந்தால் ஊதாவும் கருப்பும் ஆகும். ஆகவே இரும்பு எங்கே பட வேண்டும், எங்கே படக்கூடாது என்பதைத் தீர்மானிப்பதே கைவினைஞரின் வேலை. இந்தத் தீர்மானம் அவர் கையில் இருக்கும்வரைதான் வடிவம் அவருடையது. இரும்பு நீரிலேயே கலந்து வந்துவிட்டால், துணி முழுவதும் மங்கிப் போகும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முதல் நெருக்கடி: சாயமும் சந்தையும்

அஜ்ரக்கைத் தாக்கிய முதல் அலை ஐரோப்பிய ஆய்வகங்களிலிருந்து எழுந்தது. மஞ்சிட்டி வகைச் செடிகளின் வேரில் உள்ள சிவப்புப் பொருளை 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கையாக உருவாக்கினர். 1897இல் செயற்கை அவுரி நீலம் சந்தைக்கு வந்தது. வேகமான, மலிவான சாயங்கள் படிப்படியாக உலகெங்கும் பரவின. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமட்காவிலும் இயற்கைச் சாய முறைகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. வாரக்கணக்கில் செய்த வேலையைச் சில நாட்களில் முடிக்க முடியும்போது, ஏழைக் கைவினைஞர் அதனை நாடியதைக் குறை கூற முடியாது.

அடுத்த அடி எல்லையிலிருந்து வந்தது. 1947இல் சிந்து வேறு நாடாயிற்று. ஒரே கலையைப் பகிர்ந்த இரு கரைகளும் பிரிந்தன. மூன்றாவது அடி, வாடிக்கையாளரிடமிருந்தே வந்தது. ஆலையில் அச்சிட்ட மலிவான செயற்கை இழைத் துணிகள் கிராமச் சந்தைகளை நிறைத்தபோது, தலைமுறைகளாக அஜ்ரக் அணிந்த மேய்ப்பர்களும் அவற்றுக்கு மாறினர். செயற்கைச் சாயத்தால் விலையைக் குறைத்தவர்கள், இப்போது ஆலையின் விலையோடு போட்டியிட முடியாமல் நின்றனர். மலிவு என்னும் களத்தில் கைவினை ஒருபோதும் இயந்திரத்தை வெல்லாது என்பது அப்போது தெளிவாயிற்று.

தமட்காவில் வாழ்ந்த முஹம்மது சித்தீக் கத்ரி எடுத்த முடிவு இங்கேதான் முக்கியத்துவம் பெறுகிறது. மலிவை நோக்கி மேலும் ஓடுவதற்கு மாறாக, அவர் பின்னோக்கிச் சென்றார். மறக்கப்பட்டுக்கொண்டிருந்த இயற்கைச் சாய முறைகளை மூத்தோரின் நினைவிலிருந்து திரட்டி மீண்டும் கையாளத் தொடங்கினார். அவற்றைத் தம் மூன்று மகன்களான ரஸ்ஸாக், இஸ்மாயீல், ஜப்பார் ஆகியோருக்குக் கற்பித்தார். 1970களில் குஜராத் மாநிலக் கைவினை வளர்ச்சிக் கழகம் 'குர்ஜரி' என்னும் பெயரில் விற்பனை நிலையங்களை நடத்தி, நகரத்து வாங்குவோரைக் கிராமத்துக் கைகளோடு இணைத்தது. மேய்ப்பர் கைவிட்ட துணிக்கு நகரத்தில் புதிய ஆதரவாளர் கிடைத்தனர். லுங்கிக்கும் பாகைக்கும் அமைந்த வடிவங்கள் சேலைக்கும் துப்பட்டாவுக்கும் மேசை விரிப்புக்கும் ஏற்ப மறுசீரமைக்கப்பட்டன.

இதில் ஒரு நுண்மை உண்டு. துணியின் பயனும் அளவும் வாங்குவோரும் மாறினர். கட்டங்களின் கணிதமும் நிறங்களின் இலக்கணமும் மாறவில்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிரித்தறிந்ததே அந்தத் தலைமுறையின் வெற்றி.

இரண்டாம் நெருக்கடி: நிலமும் நீரும்

சோதனை அத்துடன் முடியவில்லை. முன்னோர்கள் ஊரைத் தேர்ந்ததற்குக் காரணமான சரண் ஆறு, 20ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வற்றிவிட்டது. ஓடும் நீரில் துணி அலசிய காலம் போய், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரிறைத்துத் தொட்டியில் அலச வேண்டியதாயிற்று. நிலத்தடி நீர்மட்டமும் ஆண்டுதோறும் கீழிறங்கியது.

அந்நிலையில் 2001 ஜனவரி 26 அன்று காலை, நாடு குடியரசு நாளைக் கொண்டாடிக் கொண்டிருந்த வேளையில், கட்ச் குலுங்கியது. 7.7 அளவிலான அந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 20,000 உயிர்கள் பறிபோயின. புஜ், அஞ்சார், பச்சாவ் ஆகிய நகரங்களும் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான கிராமங்களும் சிதைந்தன. அஞ்சாரில் குடியரசு நாள் அணிவகுப்பில் சென்ற பள்ளிப் பிள்ளைகள் இடிபாடுகளில் சிக்கி இறந்தது இன்றும் நெஞ்சை உலுக்கும் செய்தி. தமட்காவும் பெரும்பாலும் இடிந்து போயிற்று. உறவினரை இழந்தவர்கள், வீட்டை இழந்தவர்கள், அச்சுக் கட்டைகளையும் சாயத் தொட்டிகளையும் இழந்தவர்கள் ஒரே ஊரில் நின்றனர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

இடிந்த வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். உதவிப் பணமும் வந்தது. ஆனால் பணத்தால் திருத்த முடியாத ஒரு மாற்றம் நிலத்தின் அடியில் நேர்ந்திருந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் தமட்காவின் நிலத்தடி நீரில் இரும்பின் அளவு கூடிவிட்டது. கடுக்காய் ஏறிய துணி அந்த நீரில் பட்டதும் மங்கியது. சிவப்பு சிவப்பாக நிற்கவில்லை. வெண்மை வெண்மையாக நிற்கவில்லை. எந்த இரும்பைத் தம் அறிவால் அளந்து பயன்படுத்தி வந்தார்களோ, அதே இரும்பு அழைக்காமலே எல்லாத் துணியிலும் நுழைந்தது.

ஓர் ஊரையே வடிவமைத்தவர்கள்

இரு வழிகள் அவர்கள் முன் இருந்தன. தொழிலை விட்டு நகரத்துக் கூலிக்குச் செல்வது ஒன்று. ஊரை விட்டுத் தொழிலைக் காப்பது மற்றொன்று. இஸ்மாயீல் கத்ரி முதலியோரின் முன்னெடுப்பில் சமூகத்தார் கூடிப் பேசினர். நீர் நல்லதாக உள்ள இடம் தேடினர். புஜ் நகருக்குக் கிழக்கே, சில கிலோமீட்டர் தொலைவில் நிலம் வாங்கினர். அங்கு எழுந்த புதிய ஊருக்குத் தம் தொழிலின் பெயரையே சூட்டினர்: அஜ்ரக்பூர்.

400 ஆண்டுகளுக்கு முன் முன்னோர் செய்த அதே செயலை அவர்கள் மறுபடியும் செய்தார்கள். முதலில் நீர்; பிறகு வீடு. மூதாதையரின் ஊரை விட்டுப் பிரிவதுதான் மூதாதையரின் வழியைப் பின்பற்றுவதாக அமைந்தது. மரபு என்பதை மண்ணாகக் கருதியிருந்தால் அவர்கள் தமட்காவிலேயே தங்கித் தொழிலை இழந்திருக்கக் கூடும். மரபை அறிவாகக் கருதியதால் அதனைச் சுமந்து செல்ல அவர்களால் முடிந்தது.

எனினும் இதனை இனிய கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. எல்லோரும் இடம் பெயரவில்லை. சில குடும்பங்கள் தமட்காவிலேயே தங்கி, அங்குள்ள நிலைமையோடு போராடித் தொழிலைத் தொடர்ந்தன. ஒரே முற்றத்தில் வளர்ந்த உறவுகள் இரண்டு ஊர்களாயின. பிறந்த வீட்டையும் பெற்றோரின் மண்ணறைகளையும் விட்டு வருவதன் வலி எந்தக் கணக்கிலும் அடங்காது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் மக்காவைத் திரும்பிப் பார்த்து வருந்தியதை அறிந்தவர்கள் நாம். இடம்பெயர்தல் சரியான முடிவாக இருக்கும்போதும் அது வலிக்காமல் இருப்பதில்லை.

2003இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இஸ்மாயீல் கத்ரிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. சாயத் தொட்டியருகே கற்ற அறிவையும் அறிவாகவே உலகம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

அச்சிடுபவரா, வடிவமைப்பாளரா?

நிலநடுக்கத்துக்குப் பின் கட்ச் பகுதிக்கு உதவிக் குழுக்களும் ஆடை நிறுவனங்களும் நகரத்து வடிவமைப்பாளர்களும் வந்தனர். வேலை கிடைத்தது. ஆனால் ஒரு கேள்வியும் எழுந்தது. வடிவத்தை நகரத்தார் வரைந்து தர, கைவினைஞர் அதனை அச்சிட்டுக் கூலி பெறுபவராக மட்டும் மாறினால், நாளடைவில் கைகள் இருக்கும், கருத்து இராது. கூலிக்கு உழைப்பவர் எளிதில் மாற்றப்படக்கூடியவர். வடிவத்தை ஆக்குபவர் அவ்வாறு மாற்றப்பட முடியாதவர்.

இக்கேள்விக்கு விடையாகக் கைவினைஞர்களுக்கென்றே வடிவமைப்புக் கல்வி தொடங்கப்பட்டது. கட்ச் கைவினைகளைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜூடி ஃப்ரேட்டரின் முயற்சியில் 2005இல் கலா ரக்ஷா வித்யாலயா உருவானது. பின்பு 2014இல் சோமையா கலா வித்யா என்னும் நிறுவனத்தில் அப்பணி தொடர்ந்தது. அக்கல்வியின் அமைப்பே ஒரு நல்ல வடிவமைப்பு. தொழிலை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் விடுதியில் தங்கக் கைவினைஞரால் இயலாது. எனவே ஓராண்டுப் பாடம் இரண்டு வாரங்கள் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இடையில் வீட்டுக்குச் சென்று, கற்றதைத் தம் பட்டறையிலேயே செய்து பார்க்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வகுப்புகள் நடந்ததால், மார்க்கப் பேணுதலுள்ள குடும்பங்களின் பெண்களும் கற்க வழி பிறந்தது. நிறம், வடிவம், சந்தை, தொகுப்பு உருவாக்கம், தம் படைப்பைத் தாமே எடுத்துரைத்தல் ஆகியவை பாடங்களாயின. படித்து வெளிவந்த இளைய தலைமுறையினர் தம் பெயரிலேயே புதிய தொகுப்புகளை உருவாக்குகின்றனர்.

இதே காலத்தில் வேறு முயற்சிகளும் துணை நின்றன. 2005இல் தொடங்கிய கமீர் அமைப்பு, மழை நீரை மட்டும் நம்பி விளையும் கட்ச்சின் நாட்டுப் பருத்தியான காலா பருத்திக்கு மறுவாழ்வு தந்தது. நெசவாளரும் அச்சுக் கலைஞரும் உள்ளூர் இழையைப் பயன்படுத்த வாய்ப்புப் பிறந்தது. 2016இல் அஜ்ரக்பூரிலேயே கைவினை அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. 2024இல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திரை அச்சில் அஜ்ரக் வடிவத்தை நகலெடுத்து, அசல் என்று விற்கும் வணிகத்துக்கு எதிரான சட்டக் கவசம் அது. கவசம் இருப்பதாலேயே களவு நின்றுவிடாது. வாங்குவோரின் நேர்மையும் அறிவும் சேர்ந்தால்தான் அது பயன் தரும். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் குர்ஆன் கண்டித்திருக்கும்போது, நகலை அசலென விற்பதும், தெரிந்தே அதனை வாங்கிப் பெருமை பேசுவதும் நமக்கு எளிய விஷயமாகிவிடக் கூடாது.

2020இல் கொரோனா வந்து கண்காட்சிகளும் சுற்றுலாவும் நின்றபோது, சந்தை மீண்டும் மூடிக்கொண்டது. அப்போது பல கைவினைஞர்கள் கைப்பேசியை எடுத்தனர். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் துணிகளின் படங்களைக் காட்டி, வாங்குவோருடன் நேரடியாகப் பேசினர். தம் படைப்பைத் தாமே விளக்கப் பழகியிருந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி அப்போது கைகொடுத்தது.

இவ்வளவுக்குப் பின்னும் அஜ்ரக்பூர் கவலையற்ற ஊரன்று. தொழில் வளர வளர, நிலத்தடி நீர் அதிகம் இறைக்கப்படுகிறது. சாயக் கழிவுநீரை என்ன செய்வது, அலசிய நீரைச் சுத்திகரித்து எப்படி மீண்டும் பயன்படுத்துவது என்பவை இன்றைய கேள்விகள். தமட்காவில் நீர் தந்த பாடத்தை அஜ்ரக்பூர் மறந்தால், மூன்றாம் முறை ஊர் தேட வேண்டியிருக்கும். நீர் அல்லாஹ் தந்த அமானிதம். வீண்விரயம் கூடாது என்ற மார்க்கக் கட்டளை இங்கே தொழில்விதியாகவும் நிற்கிறது.

நம் கடற்கரையின் நினைவு

இவ்வரலாறு தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நியமானதன்று. கடுக்காய், படிகாரம், அவுரி ஆகிய இதே பொருட்களின் அறிவு சோழமண்டலக் கரையிலும் செழித்திருந்தது. இங்கு சிவப்புக்குச் சாயவேர் பயன்பட்டது. கடலோர மணற்பாங்கான நிலத்தில் தோண்டியெடுத்த அவ்வேரின் சிவப்பு உலகப் புகழ் பெற்றது. நாகப்பட்டினம், நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய துறைகளிலிருந்து நம் மரக்காயர் முன்னோர் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கொண்டு சென்ற சரக்குகளில் துணி முதலிடம் வகித்தது.

19ஆம் நூற்றாண்டில் ஆலைத் துணியும், பின்னர் செயற்கைச் சாயமும் வந்தபோது அந்த உலகம் சரிந்தது. சாயவேர் தோண்டிய கைகள் வேறு வேலைக்குச் சென்றன. இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சாயவேர் என்ற சொல் தெரியும்? கட்ச் பகுதியில் மூத்தோரின் நினைவு அழிவதற்குள் முஹம்மது சித்தீக் கத்ரி அதனைக் கேட்டுப் பதிந்துகொண்டார். அறிந்தவர் கடைசியாகக் கண்மூடும்வரை எவரும் சென்று கேட்காத அறிவு, அவருடனேயே மண்ணறைக்குப் போய்விடுகிறது. நம் ஊர்களில் பாய் முடைவோரும், கைத்தறியில் கைலி நெய்வோரும், மரக்கலம் கட்டுவோரும், அரபுத்தமிழ் எழுத்தை அழகுற எழுத அறிந்தோரும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று அமர்ந்து கேட்பதற்கு நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கையின் உழைப்பும் இறை நம்பிக்கையும்

தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கித் தந்து, வளையங்களை அளவோடு கோத்துக் கவசங்கள் செய்யுமாறு பணித்ததை ஸபஉ அத்தியாயத்தில் அல்லாஹ் எடுத்துரைக்கிறான். அரசராகவும் நபியாகவும் இருந்த அவர்கள் தம் கை உழைப்பால் உண்டார்கள் என்பதையும், அத்தகைய உணவைவிடச் சிறந்தது இல்லை என்பதையும் நபிமொழி நமக்கு அறிவிக்கிறது. அளவு, ஒழுங்கு, செய்நேர்த்தி ஆகியவை இறைத்தூதர் ஒருவருக்கு இடப்பட்ட கட்டளைகள் என்று அறியும்போது, வடிவமைப்பை உலகியல் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. நூஹ் (அலை) அவர்களும் பெருவெள்ளம் வருமுன் இறைவனின் வழிகாட்டலில் கப்பலைக் கட்டினார்கள். கட்டும் காலமெல்லாம் கேலியைப் பொறுத்தார்கள்.

துன்பத்துடன் இலகுவும் இருக்கிறது என்னும் இறை வாக்குறுதியை நாம் ஆறுதலுக்காக அடிக்கடி ஓதுகிறோம். அந்த இலகு வானத்திலிருந்து ஆயத்தமாக இறங்கும் என்று எண்ணிக் கைகட்டி இருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மதீனாவில் துஆவும் இருந்தது, மண்வெட்டியும் இருந்தது. அஜ்ரக்பூரில் பொறுமையும் இருந்தது, நீர்ப் பரிசோதனையும் இருந்தது.

ஒரு குடும்பத் தொழில் தடுமாறும்போதும், கடை நடத்தும் தெருவின் போக்கு மாறும்போதும், வெளிநாட்டு வேலை திடீரென முடிந்து ஒருவர் ஊர் திரும்பும்போதும் நம் இல்லங்களில் எழும் கேள்விகள் தமட்காவில் எழுந்த கேள்விகளுக்குத் தொலைவில் இல்லை. இழந்தது எது, இன்னும் கையில் இருப்பது எது? மாற்ற வேண்டியது இடமா, பொருளா, வாடிக்கையாளரா? எதை மாற்றினால் நாம் நாமாக இருக்க மாட்டோம்? இவற்றைத் தனியொருவர் இரவில் விழித்திருந்து கவலைப்படுவதைவிட, மனைவி மக்களோடும் மூத்தோரோடும் ஜமாஅத்தோடும் அமர்ந்து மஷூரா செய்வது சுன்னத்தான வழி. அகழ் பற்றிய யோசனை அவ்வாறு கூடிய அவையில்தான் பிறந்தது. அதனைச் சொன்னவர் பிற நாட்டிலிருந்து வந்தவர்.

மறுமை நாள் நெருங்கி வந்தாலும் கையிலுள்ள நாற்றை நட முடிந்தால் நட்டுவிடுமாறு போதித்த மார்க்கம் நம்முடையது. இடிபாடுகளுக்கு நடுவே அச்சுக் கட்டையைத் தேடியெடுத்து, நல்ல நீர் எங்கே என்று கேட்டுப் புறப்பட்ட அந்தக் கட்ச் சகோதரர்களின் செயலில் அப்போதனையின் ஒளி இருக்கிறது.

நம் கைகளின் உழைப்பில் பரக்கத்தையும், சோதனை வேளையில் தெளிந்த அறிவையும், முன்னோர் தந்த நல்லறிவைப் பேணி அடுத்த தலைமுறைக்குச் சேர்க்கும் பொறுப்புணர்வையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.